மங்கலதேவி மலைக்கு வின்டேஜ் வண்டிகள் வேண்டா

ஆண்டு முழுவதும் அடைபட்டிருக்கும் ஒரு மலைவழி சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் மக்களுக்காகத் திறக்கிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் சந்திக்கும் முகட்டில், கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேலே, பெரியாறு புலிகள் காப்பகக் காட்டுக்குள் மங்கலதேவி கண்ணகி கோயில் நிற்கிறது. 2024-இல் அந்த நாள் ஏப்ரல் 23. 2025-இல் மே 12. காலையில் திறக்கும் வழி மாலைக்குள் அடைந்துவிடும். தவறவிட்டவர் அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டும்.

பழைய ஊர்திகளைப் பேணும் கழகம் ஒன்று இந்த நாளின்மீது ஆசை கொள்வது இயல்பே. முழுநிலவு, மலை, காடு, சிதைந்த கற்கோயில், ஜீப்பு மட்டுமே ஏறக்கூடிய தடம் என அனைத்தும் ஓரிடத்தில் அமைந்திருக்கின்றன. அத்தகைய கழகத்தின் திட்டம் எப்படி இருக்கும் என்பதை ஊகிப்பதும் எளிது. கோயம்புத்தூர்க்காரர்கள் வாளையாறு கடந்து பாலக்காடு வழியே வருவார்கள். மதுரைக்காரர்கள் தேனி, கம்பம் வழியே வருவார்கள். குமுளிக்கு அருகே ஓர் ஏலத்தோட்டத்தில் இரண்டு இரவுகள் கூடாரம்; இரவில் தீமூட்டிப் பாட்டு; விடியலில் இருபது வண்டிகளின் அணிவகுப்பு; பின்னணியில் திருவிழாக் கூட்டம்; முன்னணியில் மெருகிட்ட வில்லிஸ் ஜீப்பு; அதற்கு ஒளிப்படம். ‘பாரம்பரியமும் பாரம்பரியமும் சந்திக்கும் நாள்’ என்று அழைப்பிதழ் எழுதுவதற்கும் யாரேனும் இருப்பார்கள்.

இத்தகைய திட்டம் பிழையானது. வண்டிகள் பழையவை என்பதோ, கழகத்தார் வசதியானவர்கள் என்பதோ அதற்குக் காரணமன்று. ஒரே நாளுக்குத் திறக்கும் வழியை வேறு நாளே இல்லாத மக்களிடமிருந்து அது பங்கு கேட்கிறது என்பது முதல் காரணம். அந்த மலையில் ஏற்கெனவே உயிரோடிருக்கும் ஊர்தி மரபைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே, மரபைத் தாமே கொண்டுவருவதாகக் கருதுகிறது என்பது இரண்டாவது காரணம். இரண்டாவது பிழை ஒரு சொல்லிலிருந்து பிறக்கிறது என்பதால், அச்சொல்லையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

முதலில் அந்த ஒரு நாளை நோக்குவோம்.

மதுரையை எரித்தபின் கண்ணகி சேரநாட்டு மலையேறி விண்ணகம் சென்றதையும், சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோட்டம் எடுத்ததையும் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் சொல்கிறது. அந்தக் கோட்டம் இந்த மங்கலதேவி மலையில் இருப்பதே என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் அடையாளம் கண்டார். கோயில் எந்த மாநில எல்லைக்குள் அடங்கும் என்ற வழக்கு நெடுங்காலமாகத் தீராமல் நிற்கிறது. 1956 மொழிவழி மாநிலப் பிரிப்பு வரைந்த கோட்டின்மேல் தீராமல் எஞ்சிய முடிச்சுகளுள் இதுவும் ஒன்று. வழக்கு இருந்தாலும் திருவிழா நின்றுவிடவில்லை. ஒவ்வோராண்டும் இரு மாவட்ட ஆட்சியர்களும் கூடிப் பேசி ஏற்பாடுகளைப் பகிர்ந்துகொள்கின்றனர். தமிழ் முறையிலும் கேரள முறையிலும் பூசைகள் நடக்கின்றன. எல்லைக்கு இருபுறமும் இருக்கும் இரண்டு மொழி மக்களும் ஒரே தெய்வத்தின் முன் ஒரே நாளில் நிற்கின்ற அரிய இடம் அது.

மேலே செல்ல இரண்டு வழிகள் உள்ளன. தமிழ்நாட்டுப் பக்கம் பளியங்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட செங்குத்தான நடைவழி. கேரளப் பக்கம் குமுளியிலிருந்து காட்டுக்குள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் மண்தடம். அதில் ஜீப்புகள் ஓடும். மோட்டார் வாகனத் துறை சோதித்து அனுமதிச்சீட்டு ஒட்டிய ஜீப்புகளுக்கு மட்டுமே இடம் உண்டு. கட்டணத்தையும் ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையையும் அதிகாரிகளே முன்கூட்டி வரையறுக்கின்றனர். இருசக்கர ஊர்திகள் கூடா, நெகிழிப்பொருள் கூடா, மேலே இரவு தங்கல் கூடா. மாலைக்குள் அனைவரும் இறங்கியாக வேண்டும். பல்லாயிரம் பேர் அந்தச் சில மணி நேரத்துக்குள் ஏறி, வணங்கி, இறங்குகின்றனர். மூட்டுவலியோடு வரும் மூதாட்டிக்குப் பளியங்குடி வழி இயலாது. குமுளியில் வரிசையில் நின்று ஜீப்பில் கிடைக்கும் ஓர் இருக்கையே அவருடைய திருவிழா.

இந்த நாளின் அருமை இதனால் விளங்கும். இங்கே பற்றாக்குறையாக இருப்பவை மூன்று: நேரம், வழி, இருக்கை. உல்லாசப் பயணம் எந்த நாளிலும் நடக்கலாம். இத்திருவிழா வேறு நாளுக்கு நகராது. ஆகவே ஒதுங்க வேண்டியது எது என்பதில் ஐயமே இல்லை.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ‘வின்டேஜ்’ என்பது திராட்சை அறுவடையைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. இன்ன ஆண்டு அறுத்த பழத்தில் பிழிந்த மது என்ற பொருளிலிருந்து, இன்ன ஆண்டில் பிறந்த உயர்ந்த பொருள் என்ற மதிப்புப் பொருளுக்கு அது நகர்ந்தது. மோட்டார் உலகில் அதற்குக் கணக்கான எல்லை உண்டு. 1966-இல் தோன்றிய பழைய ஊர்திகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, 1919 முதல் 1930 வரை பிறந்த வண்டிகளையே அப்பெயரால் வகைப்படுத்துகிறது. அந்தக் கணக்கில், இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்த ஜீப்பு எதுவுமே ‘வின்டேஜ்’ ஆகாது. எனினும் பேச்சுவழக்கில் சொல் விரிந்துவிட்டது, சொற்கள் அப்படி விரிவது இயல்பு, அதில் குறையில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஃபிவாவின் வரையறைப்படி வரலாற்று ஊர்தி என்பது குறைந்தது 30 ஆண்டு அகவையுடையது, வரலாற்றுக்கு இயைந்த நிலையில் பேணப்படுவது, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாதது. இந்தியாவில் 2021 ஜூலையில் வந்த மோட்டார் வாகன விதித்திருத்தமும் இதே தடத்தில் நடக்கிறது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூலவடிவில் இருக்கின்ற, பெருமாற்றம் எதுவும் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர ஊர்திகள் ‘வின்டேஜ்’ எனப் பதிவு பெறலாம். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். எண்பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். அந்த வண்டியைக் கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழைய ஊர்தி அணிவகுப்பு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாடும் வாணிகப் பயன்பாடும் கூடா.

இவ்விரண்டு வரையறைகளும் சேர்ந்து சொல்வது இதுதான்: உழைப்பதை நிறுத்திய வண்டியே மரபுச் செல்வம். உழைத்துக்கொண்டே இருந்தால் அது வெறும் பழைய வண்டி.

அதே 2021-இல் வந்த மற்றொரு கொள்கையை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வாணிக ஊர்தி 15 ஆண்டும் தனியார் ஊர்தி 20 ஆண்டும் கடந்தால் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் உடைப்புக்கூடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதே அக்கொள்கையின் சாரம். காற்று மாசு, சாலைப் பாதுகாப்பு ஆகிய நியாயமான காரணங்கள் அதற்கு உண்டு. ஆனால் ஒரே ஆலையில் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு ஜீப்புகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று நகரத்துக் கொட்டகையில் துணி போர்த்தி நிற்கிறது. மற்றொன்று மலையில் ஆள் ஏற்றுகிறது. முதலாவது ஐம்பது ஆண்டு நிறைந்ததும் செல்வமாகிறது. இரண்டாவது அந்த அகவையை எட்டும் முன்பே இரும்புக்கடை எடையாகிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எந்திரத்தில் இல்லை. அதை ஓட்டுபவரின் நிலையில் இருக்கிறது.

இடுக்கியின் ஜீப்பு அந்த இரண்டாவது வகை. வில்லிஸ் நிறுவனத்தின் உரிமம் பெற்று மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. 1953-இல் அமெரிக்காவில் அறிமுகமான சி.ஜே.3பி. வடிவம் அங்கு 1968-இல் நின்றுபோன பின்னும் இந்தியாவில் பல பத்தாண்டுகள் உற்பத்தியில் இருந்தது. பின்னர் எம்.எம்.540, கமாண்டர், மேஜர் எனப் பெயர்கள் மாறின. உடம்பின் அடிப்படை அதிகம் மாறவில்லை. ஏலமலைக் காடுகளுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் பேருந்து செல்லாத இடங்களில் இந்த வண்டிகளே பேருந்து, இவையே சரக்குந்து, இவையே நள்ளிரவில் பிரசவத்துக்குச் செல்லும் ஆம்புலன்ஸ். இருமொழிப் பேச்சிலும் அதற்கு ‘ட்ரிப் ஜீப்’ என்றே பெயர். முகப்பு ஒரு மாதிரியிலிருந்து, கியர்ப்பெட்டி வேறொரு மாதிரியிலிருந்து, அடிப்பட்டை உள்ளூர்ப் பட்டறையில் அடித்தது என்று ஒட்டுப்போட்டு ஓடுகிறது. ‘மூலவடிவம்’ என்ற தேர்வில் அது ஒருபோதும் தேறாது.

அதன் இருக்கையில் யார் அமர்கின்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். விடியுமுன்பே கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து கூலிப்பெண்கள் தூக்குச்சட்டியோடு ஜீப்பேறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைச்சாலைகள் வழியே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர், மாலையில் திரும்புகின்றனர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதும், வளைவில் கவிழ்வதும், உயிர்கள் போவதும் இந்தச் சாலைகளில் மீண்டும் மீண்டும் செய்தியாகின்றன. பழைய ஜீப்பு அவர்களுக்கு இனிய நினைவுப்பொருள் ஆகாது. கூலிக்குப் போகும் வழியும் அதுவே. சில நாள்களில் ஆபத்தும் அதுவே. அப்பெண்களுள் பலர் சித்திரை முழுநிலவுக்கும் அதே போன்ற ஜீப்பில்தான் கண்ணகியிடம் ஏறுகின்றனர். அந்த ஒரு நாள் கூலிக்காக அன்று, தமக்காக ஏறுகின்றனர்.

அத்தகைய வரிசைக்கு அருகே மெருகிட்ட ஜீப்பை நிறுத்திப் படமெடுப்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. எடுப்பவர் அதை உணராமல் இருக்கலாம். உணராமைதான் இங்கே குற்றச்சாட்டு. ஒருவர் வாழ்க்கையின் அன்றாடக் கருவி மற்றொருவரின் வார இறுதிக்கு வேடமாகிறது. பின்னணியில் நிற்கும் மக்கள் அந்தப் படத்துக்கு ‘இயல்பான’ சூழலை இலவசமாக வழங்குகின்றனர்.

ஊர்தி மரபு என்றால் என்ன என்பதை இதே எல்லைநிலத்தின் வடபகுதி நன்றாகவே அறிந்திருக்கிறது. 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காட்டில், கல்பாத்தி விசுவநாதர் கோயில் தேரோட்டம் நவம்பரில் நடக்கிறது. தமிழ் அக்கிரகாரத் தெருக்களில் ஓடும் அந்தத் தேர்களை மக்கள் வடம்பிடித்து இழுக்க, பின்னிருந்து யானை முட்டித் தள்ளுகிறது. தேரும் ஊர்திதான், தமிழ் நிலத்தின் மூத்த ஊர்திகளுள் ஒன்று. அதன் சக்கரம் தேய்ந்தால் மாற்றுகின்றனர். அச்சு முறிந்தால் புதிது செய்கின்றனர். மரம் உளுத்தால் வேறு மரம் பூட்டுகின்றனர். மூலவடிவம் கெட்டுவிட்டது என்று எவரும் புலம்புவதில்லை. ஆண்டுதோறும் ஓடுவதே அதன் மூலவடிவம். ஓடாமல் கொட்டகையில் நிற்கும் தேரைப் பற்றித்தான் ஊர் வருந்தும்.

ஃபிவாவின் அளவுகோலிலும் 2021 விதியின் அளவுகோலிலும் கல்பாத்தித் தேர் தோற்றுப்போகும், பெருமாற்றங்கள் மிகுதி. மங்கலதேவி மலையேறும் ட்ரிப் ஜீப்பும் தோற்றுப்போகும். ஆனால் பழுது பார்த்துப் பழுது பார்த்து மக்களைச் சுமப்பது என்ற அந்த மற்றோர் அளவுகோலில் இரண்டும் ஒரே இனம். தெய்வத்தைச் சுமக்கும் குதிரைக்கும் மயிலுக்கும், சாலையில் ஓடும் பேருந்துக்கும் தமிழ் ‘வாகனம்’ என்ற ஒரே சொல்லை வழங்குவது வெறும் விபத்தன்று. சுமப்பதனால்தான் அவற்றுக்கு அப்பெயர். சித்திரை முழுநிலவன்று திருவிழா வாகனம் குமுளியில் ஏற்கெனவே நிற்கிறது. அதற்கு அணிவகுப்பு தேவையில்லை; தடையில்லாத வழி தேவை.

கழகத்தார் இதற்கு உடனடியாக ஒரு விடை சொல்லக்கூடும்: “நாங்கள் மேலே ஏறப்போவதில்லை, அருகில் மட்டும் தங்குகிறோம்.” இந்த ‘அருகில்’ என்ற சொல்லே திட்டத்தின் மிகத் தளர்வான திருகாணி.

அருகில் என்றால் எங்கே? தமிழ்நாட்டிலிருந்து குமுளிக்கு நேராக ஏற லோயர் கேம்ப்பிலிருந்து வளைந்து செல்லும் ஒரே மலைச்சாலைதான் உள்ளது. அதே சாலையில்தான் அன்று திருவிழாக் கூட்டமும் வருகிறது. ஐம்பது, அறுபது ஆண்டு கடந்த பெட்ரோல் ஜீப்பு தாழ்ந்த கியரில் நெடுநேரம் ஏறினால் தண்ணீர் கொதிக்கும். இறக்கத்தில் டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இவற்றைக் கழகத்தார் பிறரினும் நன்கு அறிவர். ஓரமாக நிறுத்தி ஆறவிடுவது அவர்களுக்கு இன்பத்தின் ஒரு பகுதி. ஆனால் ஓரமே இல்லாத சாலையில் ஒரு வண்டி நின்றால் பின்னால் நூறு வண்டிகள் நிற்கும். நின்ற வண்டிகளுள் ஒன்றில் அந்த மூதாட்டி இருப்பார். மேலே வழி அடையும் நேரமோ அவருக்காகத் தள்ளிப்போகாது.

குறுகிய மலைவழியில் கூட்டமும் ஊர்திகளும் கலந்தால் என்ன நேரும் என்பதற்கு இடுக்கி ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2011 ஜனவரி 14 அன்று, வண்டிப்பெரியாற்றுக்கு அப்பால் உள்ள புல்மேட்டில் மகரஜோதி கண்டு திரும்பிய சபரிமலை யாத்திரிகர்கள் நெரிசலில் சிக்கி 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களுள் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள் பலர். இருட்டு, நெருக்கம், ஒரே குறுகிய வழி, அவ்வழியில் ஊர்திகள் என்ற சேர்க்கை அன்று பேரிடராயிற்று. இன்று மங்கலதேவியில் இரண்டு அரசுகளும் காட்டும் கண்டிப்பை எரிச்சலாகப் பார்ப்பவர்கள் புல்மேட்டை நினைத்துக்கொள்வது நல்லது.

தீமூட்டலுக்கும் இதே நிலத்தில் விடை உண்டு. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேரை மாய்த்தது. அவர்களும் வார இறுதிக்கு மலையை விரும்பி வந்த இளையோரே. குரங்கணி தேனி மாவட்டத்தில், இடுக்கி எல்லையை ஒட்டி இருக்கிறது. சித்திரை முழுநிலவு வருவதோ கோடையின் முதிர்ச்சியில். தென்மேற்குப் பருவமழை தொடங்கப் பல வாரங்கள் இருக்கும். புல் காய்ந்திருக்கும், காட்டுயிர்கள் நீர்நிலைகளைச் சுற்றியே திரியும். சரணாலயத்துக்கு ஆபத்து விளையும் வகையில் தீ மூட்டுவதை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தடுக்கிறது. காப்பகத்தின் எல்லைக் கல்லுக்கு வெளியே தனியார் தோட்டத்தில் மூட்டினால் சட்டம் எட்டாமல் போகலாம். காற்றில் பறக்கும் பொறி எல்லைக் கல்லைப் படிப்பதில்லை.

எதிர்வாதங்கள் வலுவற்றவை என்று ஒதுக்கிவிட முடியாது. மூன்றையேனும் எடுத்துக்கொண்டாக வேண்டும்.

கழகத்தாரும் பக்தராக இருக்கலாம் என்பது முதலாவது. ஐயமின்றி இருக்கலாம். பக்தராக வருவதற்குக் கழகம் தேவையில்லை, வண்டியும் தேவையில்லை. பளியங்குடி நடைவழி நடக்க இயன்ற அனைவருக்கும் திறந்திருக்கிறது. கட்டணம் கொடுத்து ட்ரிப் ஜீப்பில் ஏறவும் எவருக்கும் தடையில்லை. சிலப்பதிகாரத்தில்கூட கண்ணகியின் விண்ணேற்றத்தை முதலில் கண்டவர்கள், முதலில் குரவை ஆடியவர்கள் மலைக்குறவர்கள். பரிவாரத்தோடு மன்னன் பின்னரே வந்தான், அவர்கள் சொல்லக் கேட்டே அறிந்தான். பரிவாரத்தோடு வருபவர் முதலில் கேட்டறிய வேண்டும் என்பது காப்பியத்திலேயே இருக்கும் ஒழுங்கு.

உள்ளூருக்கு வருமானம் வரும் என்பது இரண்டாவது. தோட்டத்து வாடகையும் உணவும் சிலருக்கு வருமானம் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று குமுளியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. விடுதிகளுக்கும் கடைகளுக்கும் அது ஏற்கெனவே நிரம்பிய நாள். வருமானம் தேவைப்படுவது வெறிச்சோடிய வாரங்களில். வருவாயே நோக்கமெனில் கழகம் அந்த வாரங்களைத் தேர்ந்தெடுக்கட்டும்.

மூன்றாவது வாதமே மதிக்கத்தக்கது: இக்கழகங்கள் இல்லையெனில் எந்திர அறிவு அழிந்துபோகும். உண்மை. கார்புரேட்டரைச் செவியால் சரிசெய்யத் தெரிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. கோயம்புத்தூரின் ஜீடீ கார் அருங்காட்சியகம் போன்ற முயற்சிகள் இல்லாவிட்டால் மாணவர்கள் அந்தப் பொறியியலை நேரில் காணவே வழியிருக்காது. பேணுவோரின் உழைப்பும் பொறுமையும் பாராட்டுக்குரியவை. ஆனால் இவ்வாதம் கழகம் இருக்க வேண்டும் என்பதை நிறுவுகிறது. சித்திரை முழுநிலவன்று குமுளியில் இருக்க வேண்டும் என்பதை நிறுவவில்லை. எந்திர அறிவே கவலை என்றால், அவ்வறிவு மிகுதியாக உயிரோடிருக்கும் இடம் குமுளி, கம்பம், நெடுங்கண்டம் ஆகிய ஊர்களின் பட்டறைகள். அங்கே வண்டியடியில் படுத்திருப்பவரை எந்தக் கழகம் தன் விழாவில் முதல் வரிசையில் அமர்த்தியிருக்கிறது?

ஆகவே திட்டத்தைக் கைவிடுக என்பதோடு நில்லாமல், திருத்திய திட்டம் எப்படி இருக்கலாம் என்பதையும் சொல்வது கடமை.

நாளை மாற்றுக. சித்திரை முழுநிலவுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் குமுளிச் சாலையை விட்டுவிடுக. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே முகாமிடுக. ‘வின்டேஜ்’ என்ற சொல்லின் வேர்ப்பொருளுக்கும் அது பொருந்தும். இடுக்கிதான் வேண்டும் என்றால், கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்த பின் வாகமண்ணில் முறையான தங்கிடம் உருவாகியுள்ளது. திருவிழாவோடு இணைந்த முகாமே வேண்டும் என்றால், கல்பாத்தித் தேருக்குச் செல்க. வண்டிகளை மலம்புழாப் பக்கமே நிறுத்திவிட்டுப் பேருந்திலும் நடந்தும் வருக. தேர் ஓடும் தெருவில் ஓட வேண்டிய ஊர்தி தேர் ஒன்றே.

முகாமின் மையத்தையும் மாற்றுக. இரண்டு நாளில் ஒரு நாளை மலையோரப் பட்டறைக்காரர்களுக்கும் ட்ரிப் ஜீப் ஓட்டுநர்களுக்கும் தருக. பயிற்சி அளிப்பவராக அவர்களை அழைத்து, அதற்குரிய கூலியை முறையாகக் கொடுத்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்க. தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் பிணைந்த அந்தப் பட்டறைச் சொற்களுக்கு எந்த அகராதியிலும் முறையான இடமில்லை. கழகத்தாரின் பணமும் நேரமும் கூலிப்பெண்கள் ஏறும் ஜீப்புகளின் பிரேக்கைச் சோதித்துத் தருவதற்கு ஒரு நாள் பயன்பட்டால், அதுவே எந்த அணிவகுப்பினும் பெரிய மரபுப் பணி.

இறுதியாக, இதைப் படிக்கும் ஆய்வுலகத்துக்கும் ஒரு சொல். ‘பாரம்பரியம்’, ‘பண்பாட்டு மரபு’, ‘வாழும் மரபு’ என்ற தொடர்கள் கருத்தரங்கக் கட்டுரைகளில் தாராளமாகப் புழங்குகின்றன. எதற்கு அப்பெயர் சூட்டப்படுகிறது, எதற்கு மறுக்கப்படுகிறது, சூட்டுபவர் யார் என்ற வினாக்களோ அரிதாகவே எழுகின்றன. ஓய்வுபெற்ற வண்டிக்குப் பட்டமும், உழைக்கும் வண்டிக்கு உடைப்புக்கூடமும் வழங்கும் வரையறையை மரபியல் மாணவர் ஒருவரேனும் எதிர்த்துக் கேட்க வேண்டாமா? மங்கலதேவியைப் பற்றிக் கல்வெட்டும் காப்பியமும் எல்லைவழக்கும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஒரு நாளில் மக்களை மேலே சுமந்து செல்லும் ஓட்டுநர்களைப் பற்றி, அவர்களது வண்டிகளைப் பற்றி, வரிசையில் நிற்கும் கூலிப்பெண்களைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது? ஆய்வுப் பொருள் தேடி அலையும் மாணவர்களுக்கு இது திறந்து கிடக்கும் களம். போவோர் படக்கருவியை உறையிலேயே வைத்துக்கொண்டு, வரிசையில் கடைசியாக நிற்கட்டும்.

சித்திரை முழுநிலவன்று மாலையில் கடைசி ஜீப்பு இறங்கியதும் மலைவழி அடைகிறது. மறுநாள் விடியுமுன் அதே ஓட்டுநர்களுள் பலர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றக் கிளம்பிவிடுவார்கள்.